மருத்துவமனையில் கண்டுபிடித்த கருவியைக் கம்பெனிக்கு லைசன்ஸ் கொடுத்தால் எவ்வளவு வரும், யாரைப் பார்க்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் மதுரையில் முதுநிலை மருத்துவம் படிப்பவர். பேராசிரியரோடு சேர்ந்து ஒரு சின்னக் கருவி செய்திருக்கிறார், இரண்டு மாதத்தில் ஒரு கான்ஃபரன்ஸில் அதைப் பற்றிப் பேப்பர் வாசிக்கப் போகிறார், அப்புறம் ஏதாவது கம்பெனிக்கு லைசன்ஸ் கொடுக்கலாம் என்று நினைக்கிறார்.

நான் டாக்டரோ வக்கீலோ இல்லை. மதுரையில் ஒரு மருத்துவமனையில் பயோமெடிக்கல் இன்ஜினியராகப் பதினோரு வருடம் இருந்தவன். வென்டிலேட்டர் ரிப்பேருக்கு நடுவில், டாக்டர்களும் நர்ஸ்களும் "இப்படி ஒன்று இருந்தால் நல்லா இருக்குமே" என்று சொல்வதைச் செய்து கொடுத்து, அதில் இரண்டு கருவி கம்பெனி வரை போனது. இரண்டிலும் அடி வாங்கினேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் அடி. எங்கள் என்.ஐ.சி.யூ.வில், அதாவது பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஒரு சிஸ்டர், உசிலம்பட்டிப் பக்கம். குறைமாதக் குழந்தைக்கு மூச்சுக் குழாய் போட்டு பிளாஸ்டரால் ஒட்டுவார்கள், மாற்றும்போது அந்தப் பிளாஸ்டரோடு தோலும் சேர்ந்து வந்துவிடும். "பாருங்க தம்பி, பிள்ளை அழக்கூட முடியாம மூஞ்சியச் சுளிக்குது, ஏதாவது பண்ணுங்களேன்" என்று ஒரு நாள் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அவர் தொப்பித் துணியையும் சிலிக்கான் பட்டையையும் வைத்து ஏற்கெனவே பாதி செய்து வைத்திருந்தார், நான் அளவெடுத்து வரைபடம் போட்டு கீழே ஒரு பிடிமானம் சேர்த்தேன். நன்றாகவே வேலை செய்தது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம், கான்ஃபரன்ஸில் வாசித்தார், மறு வாரம் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது, மருத்துவமனையில் கேக் வெட்டினோம். பதினாலு மாதம் கழித்து ஒரு கம்பெனி தேடி வந்து முதலில் கேட்ட கேள்வி: "பேடன்ட் எப்போ ஃபைல் பண்ணீங்க?"

பண்ணவே இல்லை. பேடன்ட் என்றால் உங்கள் புதுக் கண்டுபிடிப்பை மற்றவர்கள் செய்து விற்காமல் தடுக்கும் சட்ட உரிமை. நீங்களே உலகத்துக்குச் சொல்லிவிட்ட ஒன்று சட்டத்தின் பார்வையில் புதியது இல்லை. இந்தியச் சட்டத்தில் ஒரு சின்னச் சலுகை உண்டு, அறிஞர் சங்கம் ஒன்றின் முன் கண்டுபிடித்தவரே கட்டுரை வாசித்தால் அதிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். எங்களுக்கு அதுவும் தாண்டிவிட்டது, போதாக்குறைக்குப் பத்திரிகைச் செய்தி அந்தச் சலுகைக்குள்ளேயே வராது. கம்பெனி நல்ல கம்பெனிதான், ஆனால் பேடன்ட் இல்லாததால் வரைபடத்துக்கும் அச்சு வடிவமைப்புக்கும் சோதனை விவரங்களுக்கும் மட்டும் ஒரு தொகை கொடுத்து எடுத்துக்கொண்டது. அதே சாமானை இன்று யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம்.

இப்போது லைசன்ஸ் என்றால் என்ன என்பதை நம்ம ஊர் பாஷையில் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு மேலூர்ப் பக்கம் கொஞ்சம் வயல் உண்டு, அதனால் எனக்கு இப்படித்தான் புரிந்தது. பேடன்ட் என்பது பட்டா. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் உங்கள் பேரில் இருக்கும் பட்டா, அவ்வளவுதான். மொத்தமாக எழுதிக் கொடுத்தால் கிரயம். ஆண்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு விட்டால் குத்தகை. விளைச்சலில் பங்கு என்றால் வாரம், ராயல்டி என்பது அதுதான். பிரத்யேக லைசன்ஸ் என்றால் ஒருவருக்கு மட்டும் வாரத்துக்கு விட்டு, நீங்களே வரப்பில் காலை வைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது. இதில் எந்த மேலூர்க்காரரும் கேட்கும் கேள்வியை நாங்கள் கேட்கவில்லை: வாங்கியவன் உழாமல் தரிசாகப் போட்டால்?

இரண்டாவது அடி அதுதான். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணில் பாரம் விழாமல் தாங்கும் ஒரு செருப்புத் தட்டு. இந்தத் தடவை உஷாராக முதலில் விண்ணப்பம் போட்டோம். கம்பெனி வந்தது, பேடன்ட் காலம் முழுக்கப் பிரத்யேக லைசன்ஸ், கையில் ஒரு தொகை, விற்றால் சதவீதம். நிர்வாகத்துக்குத் தொகைதான் கண்ணில் பட்டது, கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். மூன்று வருடம் ஒரு ஜோடி கூட வெளியே வரவில்லை. விசாரித்தால், அந்தக் கம்பெனி வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்கும் செருப்புக்கு எங்களுடையது போட்டி. விற்பதற்காக வாங்கவில்லை, யாரும் விற்கக் கூடாது என்பதற்காக வாங்கியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால் அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை! இத்தனை மாதத்துக்குள் தயாரிக்க வேண்டும் என்று எங்குமே எழுதவில்லையே. சட்டத்தில் கட்டாய லைசன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் வேறொருவர் தயாரிக்க அரசு அனுமதி கொடுப்பது, ஆனால் பேடன்ட் கிடைத்து மூன்று வருடம் ஆன பிறகுதான் யாரும் அதைக் கேட்கவே முடியும், கேட்டு வழக்காடும் தெம்பு எங்களிடம் இல்லை. இந்தியாவில் அது பேர்சொல்லும்படி நடந்தது 2012-இல், பேயர் கம்பெனியின் நெக்ஸாவர் என்ற புற்றுநோய் மருந்துக்கு. மாதம் 2.8 லட்சம் ரூபாய்க்கு விற்றதை நாட்கோ என்ற இந்திய மருந்துக் கம்பெனி 8,800 ரூபாய்க்கு விற்க அனுமதி வாங்கியது, பேயருக்கு 6 சதவீத ராயல்டி, மேல்முறையீட்டில் அது 7 ஆனது. அதெல்லாம் நாட்கோ அளவு கம்பெனி ஆடும் ஆட்டம்.

ஆகவே "எவ்வளவு வரும்" என்பதைவிட "செய்யாவிட்டால் எப்போது திரும்பி வரும்" என்பதைத்தான் முதலில் பேசுவேன். அச்சு வெட்ட ஆறு மாதம், மருத்துவக் கருவி உரிமத்துக்கு விண்ணப்பிக்க ஒரு வருடம், முதல் விற்பனைக்கு இரண்டு வருடம் என்று தேதி போட்டு எழுதுங்கள். தவறினால் பிரத்யேக உரிமை போய்ச் சாதாரண லைசன்ஸாகும், இன்னும் தவறினால் லைசன்ஸே ரத்து. விற்றாலும் விற்காவிட்டாலும் ஆண்டுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒரு தொகை. இதற்குச் சம்மதிக்காத கம்பெனி எதற்கு வருகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். நீங்கள் பின்னால் செய்யும் மேம்பாடு எல்லாம் கம்பெனிக்கே பிரத்யேகமாகப் போகும் என்று ஒரு வரி நுழைப்பார்கள், அடித்துவிடுங்கள், நம் பேடன்ட் சட்டம் 140-ஆம் பிரிவில் அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது. வாய்ப் பேச்சும் செல்லாது, எழுத்தில் இருந்தால்தான் லைசன்ஸ்.

சரி, பணம். கோடிக் கதைகள் உண்மைதான். ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை, தன் ஆட்கள் கண்டுபிடித்து மெர்க் என்ற மருந்துக் கம்பெனி தயாரித்த ரோட்டாவைரஸ் தடுப்பூசியின் ராயல்டி உரிமையை 2008-இல் 182 மில்லியன் டாலருக்கு விற்றது. கோவாக்சினில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆருக்கு நிகர விற்பனையில் 5 சதவீதம் என்று ஒப்பந்தம். அவை கோடிக்கணக்கில் போகும் ஊசிகள். உங்கள் கருவி 200 ரூபாய்க்கு, ஆண்டுக்குப் பத்தாயிரம் விற்கிறது என்று வையுங்கள். விற்பனை இருபது லட்சம், நாலு சதவீதம் என்றால் 80,000. அதில் கண்டுபிடித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று உங்கள் நிறுவனம் விதி வைத்திருந்தால், மூன்று பேருக்குப் பிரித்தால், தலைக்கு ஒன்பதாயிரத்துக்கும் கீழே. வருடத்துக்கு! வண்டிக்குப் பெட்ரோல் போடலாம். இதில் சதவீதம் நிகர விற்பனை மேல் என்று இருக்கட்டும், லாபத்தின் மேல் என்றால் கணக்குப் பிள்ளை கையில் லாபம் எப்போதும் பூஜ்யம்தான்.

நமக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டிய உதாரணம் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம். மருத்துவமனையும் ஆய்வுக்கூடமும் ஒரே நிறுவனத்துக்குள். டாக்டர் வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வில் மூன்று மாதிரி தோற்று நான்காவது நின்றது, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். தயாரித்து விற்றது நம்ம டி.டி.கே. குழுமம். மருத்துவமனையால் வால்வைக் கண்டுபிடிக்க முடியும், ஆயிரக்கணக்கில் ஒரே தரத்தில் செய்து தர முடியாது, அதற்குத்தான் கம்பெனி.

உள்ளூரிலேயே கேட்டால் அரவிந்த் கண் மருத்துவமனை வேறு வழி போனது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து நூறு டாலர் அளவில் வந்த காலத்தில், தொழில்நுட்பத்தை வெளியே கொடுக்காமல், வெளியிலிருந்து இங்கே வாங்கி, 1992-இல் ஆரோலேப் என்ற சொந்தத் தொழிற்சாலை தொடங்கிப் பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். சிவகங்கை ரோட்டில் அந்த ஆரோலேப் இருக்கும் வீரபாஞ்சான் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். ஆனால் சொந்த ஃபேக்டரி எல்லாராலும் ஆகிற காரியம் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம் வேகமாக. உங்களுடையது கருவியா, செய்முறையா? ஒரு புதுத் தையல் போடும் முறை, சிகிச்சை முறை என்றால் இந்தியாவில் பேடன்ட் சட்டம் 3(i) பிரிவின்படி பேடன்ட் கிடையாது, அதற்கான ஊசிக்கு உண்டு. அடுத்து, யார் பேரில் பட்டா? ஊழியர் கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம் என்று நம் பேடன்ட் சட்டம் தனியாகச் சொல்லவில்லை, உங்கள் ஒப்பந்தமும் கல்லூரி விதியும்தான் பேசும், எடுத்துப் படியுங்கள். கண்டுபிடித்தவர் பட்டியலில் துறைத்தலைவர் என்பதற்காக ஒருவரைச் சேர்க்காதீர்கள், நர்ஸ் என்பதற்காக ஒருவரை விடாதீர்கள். உசிலம்பட்டி சிஸ்டர் பேர் அந்தக் கான்ஃபரன்ஸ் பேப்பரில் இல்லை, பத்திரிகையிலும் இல்லை. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது.

யாரைப் பார்ப்பது? பெரிய கல்லூரிகளில் பேடன்ட் மாதிரி விஷயங்களைப் பார்க்க ஐ.பி. செல் என்று ஒன்று இருக்கும், பெயருக்காவது. இல்லாவிட்டால் விண்ணப்பத்தை எழுதிப் போட்டுத் தரும் ஒரு பேடன்ட் ஏஜென்ட். கம்பெனியை அப்புறம் தேடலாம், தேடும்போதும் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமல் கருவியை மேசையில் வைக்காதீர்கள். உங்கள் மாதிரிக் கருவியை இப்போது வாங்கிப் பயன்படுத்தும் டாக்டர்களிடம் எந்தக் கம்பெனி ஆள் ஒழுங்காகச் சர்வீஸுக்கு வருகிறான் என்று கேளுங்கள், அதுதான் நல்ல பட்டியல்.

கான்ஃபரன்ஸ் இரண்டு மாதத்தில் என்கிறீர்கள். அதற்கு முன்னால் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தற்காலிக விவரக் குறிப்போடு, அதாவது முழு விவரம் இல்லாமல் முதற்கட்டமாக, விண்ணப்பம் போட, தனிநபர் பேரில் ஆன்லைனில் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், கல்வி நிறுவனத்தின் பேரிலும் அதே கட்டணம்தான், ஏஜென்ட் ஃபீஸ் தனி. முழு விவரம் கொடுக்க அதிலிருந்து 12 மாதம் இருக்கிறது. சென்னை கிண்டி பேடன்ட் ஆபீசுக்கு நேரில் போக வேண்டியதுகூட இல்லை. பேப்பர்களின் சுருக்கம் வரும் அப்ஸ்ட்ராக்ட் புத்தகம் கூட்டத்துக்கு முன்னாடியே அச்சாகி ஆன்லைனில் வந்துவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள், உங்களுக்கு இருப்பது இரண்டு மாதம் இல்லை. அப்ஸ்ட்ராக்ட் அனுப்பியாகிவிட்டதா என்று பேராசிரியரை இன்றைக்கே கேளுங்கள்.