அண்டர்டேல் விளையாட்டின் கடைசிப் படத்தில் எல்லார் முகத்திலும் சிவப்புக் கோடு. வைரஸா?

கேள்வி: "பள்ளி விடுமுறைக்கு அக்கா மகன் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறான். என் மடிக்கணினியில் அண்டர்டேல் விளையாடினான். பார்க்கச் சின்னப்பிள்ளை கேம். ஒருமுறை முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து யாரையும் அடிக்காமல் விளையாடினானாம். கடைசியில் வரும் கூட்டுப் படத்தில் எல்லார் முகத்திலும் சிவப்புக் கோடு கிழித்திருக்கிறது. கேமை அழித்துவிட்டு மீண்டும் ஏற்றியும் போகவில்லை. வைரஸா?"

வைரஸ் இல்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு லோ யாட் கணினிக் கடைவளாகத்துக்கு ஓடி, கடைக்குத் தண்டம் அழ வேண்டாம். கேம் சரியாகத்தான் வேலை செய்கிறது. மருமகன் முதல் சுற்றில் என்ன செய்தான் என்பதை அது மறக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "ஸ்பாய்லர்", கதையை உடைத்துவிட்டாய் என்று சண்டைக்கு வருகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 2015இல் வந்த கேம், அவன் ஏற்கெனவே முடித்தும்விட்டான்.

பூமிக்கடியில் அரக்கர்கள் வாழும் உலகத்துக்குள் விழுந்த ஒரு பிள்ளையாக நாம் விளையாடுகிறோம். எதிரே வருபவர்களைக் கொல்லவும் செய்யலாம், மன்னித்து விடவும் செய்யலாம். அந்தச் சிவப்புக் கோடு ஒரே ஒரு வழியில்தான் வரும். முதல் சுற்றில் எல்லாரையும் கொன்று தீர்த்திருக்க வேண்டும். தற்செயலாக அது நடக்காது. ரூயின்ஸில் 20, ஸ்னோடினில் 16, வாட்டர்ஃபாலில் 18, ஹாட்லாண்டும் கோர் என்ற இடமும் சேர்த்து 40 என்று ஒவ்வொரு பகுதிக்கும் கணக்கு உண்டு. அந்தந்த இடத்துப் பெரிய சண்டைக்கு முன்பே அதை முடித்தாக வேண்டும். எதிரி வராவிட்டால் இங்கும் அங்கும் நடந்து தேடவேண்டும். தீர்ந்தபின் சண்டைத் திரை திறக்கும், எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். "ஆனால் யாரும் வரவில்லை" என்ற பொருளில் ஒரு வரி மட்டும் வரும். பின்னணி இசையும் இழுத்து இழுத்துக் கேட்கும். ஸ்னோடின் கடையில் கடைக்காரி இல்லை, ஒரு சீட்டு இருக்கும்: என் குடும்பத்தை ஒன்றும் செய்துவிடாதீர்கள். சாமானைக் காசு கொடுக்காமலே எடுத்துக்கொள்ளலாம். இத்தனையும் பார்த்தபிறகுதான் அவன் மேலே போயிருக்கிறான். பையனைத் திட்டச் சொல்லவில்லை. மற்ற கேம்கள் எல்லாம் அடித்தால் லெவல் ஏறும் என்றுதானே பழக்கியிருக்கின்றன? இங்கேயும் தொடக்கத்தில் ஃப்ளவி என்ற பூ, "லவ்" சேர்த்தால் பலம் கூடும் என்று இனிக்க இனிக்கச் சொல்கிறது. அந்த "லவ்" வன்முறையின் அளவு என்பதும், சண்டையில் சேரும் எக்ஸ்பி கொன்றதற்கான புள்ளி என்பதும் முடிவுக்குப் பக்கத்தில்தான் தெரியவரும்.

அந்தச் சுற்றின் முடிவில் சாரா என்ற உருவம் உலகத்தையே அழித்து கேமை மூடிவிடும். திரும்பத் திறந்தால் இருட்டு, காற்றுச் சத்தம். பத்து நிமிடம் பொறுத்திருந்தால், ஆன்மாவைக் கொடு, உலகத்தைத் திருப்பித் தருகிறேன் என்று பேரம் பேசும். மருமகன் சரி என்றிருக்கிறான். அதற்குப்பின் எத்தனை முறை நல்லபிள்ளையாக விளையாடினாலும் முடிவு கெட்டுத்தான் வரும்.

இதைத் துடைக்கும் வழி: முதலில் கேமை மூடுங்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியிருந்தால் கேமின் பெயரில் வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், ஜெனரல், அங்கே ஸ்டீம் கிளவுடை (சேமிப்பை இணையத்திலும் நகல் வைக்கும் வசதி) அணையுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கிளவுட் ஓடிக்கொண்டிருந்தால் அழித்த கோப்பு தானாகத் திரும்ப வந்து உட்காரும். பிறகு விண்டோஸில் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் அண்டர்டேல் என்ற கோப்புறை. ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லித்தான் பார்க்க முடியும். அங்கே சிஸ்டம்_இன்ஃபர்மேஷன்_962, 963 என்று இரண்டு கோப்புகள். முதலாவது உலகம் அழிந்ததற்கு, இரண்டாவது ஆன்மாவை விற்றதற்கு. வழக்கமான சேமிப்புக் கோப்பான ஃபைல்0 ஒன்றை மட்டும் அழித்தால் இவை அப்படியே கிடக்கும். கேமுக்குள் இருக்கும் ரீசெட்டும் இவற்றைத் தொடாது. கேமை நீக்கி ஏற்றியும் போகாததற்குக் காரணம், இந்தக் கோப்புறை கேம் இருக்கும் இடத்தில் இல்லை. முழுக் கோப்புறையையும் வேறெங்காவது நகலெடுத்துவிட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடுங்கள்.

மறுபடி ஆடும்போது டோரியல் என்ற ஆட்டுமுக அம்மாவிடம் கவனம். பலத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு மன்னிக்கலாம் என்று போக்கிமான் கேமில் பழகிய புத்தியில் அடித்தால், ஓர் அளவுக்குக் கீழே போனதும் அடுத்த அடியிலேயே செத்துவிடுவாள். அடிக்கவே கூடாது. ஸ்பேர் (மன்னித்து விடுவது) என்பதையே இருபது தடவைக்கு மேல் விடாமல் அழுத்த வேண்டும். அவளைக் கொன்றுவிட்டு, மனம் கேட்காமல் பழைய சேமிப்புக்குப் போய்க் காப்பாற்றினால், ஃப்ளவி அதையும் சொல்லிக் காட்டும்.

இன்னொன்று. ரூயின்ஸில் வெளுத்த ரிப்பன், பொம்மைக் கத்தி, பின்னால் பாலே காலணி, கறைபடிந்த ஏப்ரன் என்று கிடைப்பதை எல்லாரும் ஆயுதம், கவசம் என்று மாட்டிக்கொண்டு நடக்கிறோம். அவை இதற்குமுன் அந்த உலகத்துக்குள் விழுந்து, பின்னர் அங்கே இறந்த ஆறு பிள்ளைகளின் பொருள்கள். கேம் இதை எங்கும் உரக்கச் சொல்லாது.

  

சரி, மருமகன். யாரையும் கொல்லாமல் ஒருமுறை முடித்து, சேமித்த இடத்துக்குத் திரும்பி, பப்பைரஸ், அன்டைன், ஆல்ஃபிஸ் என்ற பாத்திரங்கள் மூவரிடமும் நட்பு பிடித்தால் ஆய்வுக்கூடம் திறக்கும். அங்கே ஐந்து வீடியோ நாடாக்கள். படம் இருக்காது, கறுப்புத் திரையில் பேச்சு மட்டும். ஒரு பிள்ளை விஷப்பூவைத் தின்று சாகத் திட்டமிடுவது அதில்தான் வருகிறது. படபடவென்று தட்டிக் கடந்துபோகிற இடம் அது. அவன் அங்கே வரும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள் மாமா.