மாமிக்குப் பல்கனி, உங்களுக்கு உள் அறை

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளின் குடும்பம் ஆகஸ்ட் விடுமுறைக்கு சிங்கப்பூர் வருகிறது. இவர்களும் அங்கே போய், எல்லோருமாகச் சேர்ந்து பினாங்கு, புக்கெட் என்று நான்கு இரவு கப்பலில் போய்வரத் திட்டம். இவர்கள் பக்கம் ஐந்து பேர்: கணவன், மனைவி, 11 வயது மகள், இன்னும் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு படுக்கும் 5 வயது மகன், முழங்கால் நோவுள்ள 74 வயது மாமி. நான்கு பேர் படுக்கும் பல்கனி அறை ஒன்றும், மாமிக்குத் தனியாக ஒரு உள் அறையும் எடுக்கலாம் என்று முகவர் சொல்லியிருக்கிறார். "மாமி எப்படியும் அறைக்குள் படுத்துத்தான் இருப்பா. அவவுக்கு யன்னல் இல்லாத அறை போதும்தானே?" என்பது வாசகியின் கேள்வி.

போதாது. நீங்கள் சொல்லும் அதே காரணத்துக்காகத்தான் போதாது. பகலில் அறைக்குள் இருக்கப் போகிறவருக்குத்தான் வெளிச்சமும் காற்றும் தேவை. நீங்களும் பிள்ளைகளும் விடிந்தால் நீச்சல் தடாகம், சாப்பாட்டு மண்டபம், விளையாட்டு என்று திரிவீர்கள், அறைக்குத் திரும்புவது குளிக்கவும் படுக்கவும் மட்டுந்தான். ஆகவே முகவரின் திட்டத்தை அப்படியே திருப்பிப் போடுங்கள். மாமிக்கும் உங்கள் மகளுக்கும் ஒரு பல்கனி அறை. உங்கள் இருவருக்கும் மகனுக்கும், அதே நடைபாதையில் எதிர்ப்பக்கமாக ஒரு உள் அறை.

இது கூடுதல் செலவு என்று நினைக்க வேண்டாம். கப்பல் கட்டணம் பெரும்பாலும் ஓர் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில், ஆளுக்கு இவ்வளவு என்று போடப்படும். அறையின் மூன்றாம், நான்காம் ஆளுக்குக் கட்டணம் குறைவு. ஆனால் ஓர் அறையில் ஒருவர் தனியாகப் படுத்தால், பல கப்பல்களில் இரண்டு பேருக்கான கட்டணத்தையே வாங்கிவிடுவார்கள். முகவர் சொன்ன வழியில் நீங்கள் கட்டுவது பல்கனிக்கு இரண்டு முழுக் கட்டணம், இரண்டு குறைந்த கட்டணம், அதோடு மாமி ஒருவருக்காக உள் அறைக்கு இரண்டு முழுக் கட்டணம். நான் சொல்லும் வழியில் பல்கனிக்கு இரண்டு முழுக் கட்டணம், உள் அறைக்கு இரண்டு முழுக் கட்டணம், ஒரு குறைந்த கட்டணம். முகவரிடம் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். துறைமுக வரியும், ஊழியர்களுக்கான நாள் கொடுப்பனவும் தலைக்கு என்று வருபவை. அவற்றையும் சேர்த்த மொத்தத் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

பணத்தை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது, நான்கு பேரை ஓர் அறையில் அடைப்பது. விளம்பரப் படத்தில் அறை விசாலமாகத் தெரியும். உண்மையில் சாதாரண உள் அறை என்றால் குளியலறையோடு சேர்த்துப் பத்தடிக்குப் பதினாறடி மாதிரித்தான் வரும். பல்கனி அறை உள்ளே அதைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். நான்கு பேருக்கான அறையில் கீழே இரண்டு கட்டில், பிறகு ஒரு சோபா கட்டில், கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறக்கும் ஒரு மேல் கட்டில். இரவில் எல்லாவற்றையும் விரித்துவிட்டால் நடக்க நிலம் இராது. ஒருவர் குளியலறைக்குப் போக எழும்பினால் மற்ற மூவரும் விழித்துவிடுவார்கள். மேல் கட்டிலில் 11 வயதுப் பிள்ளை சந்தோஷமாகப் படுக்கும், ஆனால் 5 வயதுக்காரனை ஏற்ற வேண்டாம்.

உங்கள் மகன் உங்களோடுதான் படுப்பான் என்றபடியால் உள் அறையில் இரண்டு கீழ்க் கட்டில்களையும் ஒன்றாகச் சேர்த்துப் போடச் சொல்லலாம். அறைப் பணியாளர் அதைச் செய்து தருவார். ஆனாலும் பதியும்போது அது மூன்று பேருக்கான அறையாகத்தான் இருக்க வேண்டும். அவன் மேல் கட்டிலைப் பாவிக்காவிட்டாலும் கணக்கில் அவனுக்கு ஒரு படுக்கை வேண்டும். உயிர்காப்புப் படகுகளில் இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று கப்பலில் தீர்மானிப்பார்கள். சில வேளைகளில் மூவருக்கான அறை வெறுமையாக இருந்தும் மூன்றாம் ஆளைச் சேர்க்க முடியாது என்று பதில் வருவதற்கு இதுதான் காரணம். ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக்காலம், அந்த மாதிரி அறைகள்தான் முதலில் முடியும்.

உள் அறையைப் பற்றிப் பலருக்கு ஒரு பயம் இருக்கிறது. மூச்சு முட்டாது, குளிரூட்டி எல்லா அறைக்கும் ஒன்றுதான். இருட்டு மட்டும் நல்ல இருட்டு. விளக்கை அணைத்தால் காலை ஆறும் நள்ளிரவும் ஒரே மாதிரி. சின்னப் பிள்ளை மத்தியானம் அயர்ந்து தூங்க அது மிக நல்லது. முழங்கால் நோவோடு இரவில் எழும்புகிற முதியவருக்கு அது ஆபத்து. எந்த அறையாக இருந்தாலும் ஒரு சிறிய இரவு விளக்குக் கொண்டுபோங்கள், அல்லது குளியலறை விளக்கைப் போட்டுக் கதவை முழுக்க மூடாமல் சற்றுத் திறந்து வையுங்கள்.

யன்னல் அறை என்று நடுவில் ஒன்று இருக்கிறது. வெளிச்சம் வரும், திறக்க முடியாது. பல்கனிக்குக் காசு எட்டாவிட்டால் மாமிக்கு அதுவே போதும். உயிர்காப்புப் படகு யன்னலை மறைக்கும் அறைகளை மலிவாக விற்பார்கள். அதை நீங்கள் எடுக்கலாம், மாமிக்கு எடுக்காதீர்கள். சூட் வகைப் பெரிய அறைகள் ஐந்து பேரை ஒன்றாக வைத்திருக்கும், ஆனால் நான்கு இரவுக்கு அந்த விலை கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. அந்தக் காசைப் பினாங்கில் பிள்ளைகளோடு இறங்கிச் செலவழிக்கலாம்.

இப்போது மச்சாளின் விஷயம். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். மாமி தன் மகளான மச்சாளைப் பார்த்து ஆறு வருஷமாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மாமியின் பல்கனி அறை மச்சாளின் பல்கனி அறைக்குப் பக்கத்து அறையாக இருக்க வேண்டும். பல கப்பல்களில் பக்கத்துப் பல்கனிகளுக்கு இடையிலுள்ள தடுப்பைத் திறந்துவிட முடியும். இரண்டு அறைக்காரரும் சம்மதித்தால் பணியாளர் வந்து திறந்துவிடுவார். எல்லா அறைகளிலும் அப்படித் திறக்காது, அதனால் அந்தக் குறிப்பிட்ட அறை எண்ணுக்குத் திறக்குமா என்று பதியும் முன்பே கேளுங்கள். தாயும் மகளும் விடியக்காலையில் தேத்தண்ணியோடு இருந்து கதைக்க, இரண்டு கதிரை போட்ட அந்த இடத்தை விட நல்ல இடம் கப்பலில் வேறு இல்லை. விடியற்காலை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் கடலில் மத்தியானத்தில் பல்கனியில் இருக்க முடியாத வெக்கை. காலையும் பொழுதுபட்ட பிறகும்தான் இருக்கலாம்.

மச்சாள் கனடாவிலும் நீங்கள் யாழ்ப்பாணத்திலும் பதிவதால் இரண்டும் வெவ்வேறு பதிவுகளாக இருக்கும். பதிவு எண்களை ஒன்றோடொன்று இணைக்கும்படி இரு பக்கமும் கேட்க வேண்டும். அப்போதுதான் இரவுச் சாப்பாட்டு மேசையும் ஒன்றாக வரும். முதலில் ஒருவர் அறை எண்ணை உறுதி செய்துவிட்டு, மற்றவர் அதற்குப் பக்கத்து எண்ணைக் கேட்பதுதான் சுலபமான வழி. இன்னொன்று, அறை எண்ணைப் பிறகு தருவோம், விலை குறைவு என்று ஒரு வகைச் சீட்டு விற்பார்கள். தனியாகப் போகிறவருக்கு அது சரி. உங்களுக்கு வேண்டவே வேண்டாம், மாமி ஒரு தளத்திலும் நீங்கள் இன்னொரு தளத்திலுமாகப் போய் நிற்பீர்கள்.

கடல் ஆட்டம் பற்றிப் பயந்து எழுதியிருக்கிறீர்கள். குறிகாட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் படகில் போகும்போது தலை சுற்றுகிறவர்களை நடுவில் இருத்துவோமே, கப்பலிலும் அதே கணக்குத்தான். முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும், பின்பக்கத்தில் இயந்திர அதிர்வு வரும், மேலே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டம் கூடும். நடுப்பகுதி, கீழ் அல்லது இடைத்தளம் என்றால் மிகக் குறைவு. பெரிய கப்பல்களில் நீருக்கடியில் இறக்கை போன்ற நிலைப்படுத்திகள் இருப்பதால் பக்கவாட்டு ஆட்டம் பெரிதும் அடங்கிவிடும். உங்கள் பாதையில் பெரும்பகுதி மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் மலாயாத் தீபகற்பம், மறு பக்கம் சுமாத்திரா, இரண்டும் காற்றை மறைக்கும், கடல் அநேகமாக அமைதியாக இருக்கும். புக்கெட்டை நெருங்கும்போது அந்தமான் கடல் திறக்கும். ஆகஸ்டில் அங்கே தென்மேற்குப் பருவக்காற்று. அந்த ஒரு பகுதிக்காகவே நடுப்பகுதி அறையைக் கேளுங்கள்.

நடுப்பகுதி கேட்பதற்கு இன்னொரு காரணம், பல கப்பல்களில் மின்தூக்கியும் அங்கே அருகில் இருக்கும். முன் அந்தலையிலோ பின் அந்தலையிலோ அறை கிடைத்தால் மாமி ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் நெடுந்தூரம் நடக்க வேண்டும். ஆனால் மின்தூக்கிக்கு ஒட்டின அறையும் வேண்டாம், இரவு முழுக்க ஆள் கதைக்கும் சத்தம். நாலைந்து கதவு தள்ளி இருந்தால் அளவு.

கப்பலின் தளப்படம் இணையத்தில் இருக்கும். மாமியின் அறை எண்ணைப் படத்தில் கண்டுபிடித்து, அதற்கு மேல் தளத்திலும் கீழ்த் தளத்திலும் சரியாக அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டிலும் அறைகளே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல் தடாகம் என்றால் விடிய முன்பே கதிரை இழுக்கும் சத்தம் கூரையில் கேட்கும். கீழே அரங்கோ நடன மண்டபமோ இருந்தால் நள்ளிரவு வரை தரை அதிரும். பத்து நிமிட வேலை, அநேகம்பேர் செய்வதில்லை.

மாமி சக்கர நாற்காலி பாவிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. நீண்ட தூரத்துக்கு மட்டும் பாவிப்பவர் என்றாலும் இதைக் கவனியுங்கள்: சாதாரண அறைக் கதவு பல கப்பல்களில் சுமார் 23 அங்குல அகலம்தான். மடிக்கிற நாற்காலியை மடித்துத்தான் உள்ளே கொண்டுபோகலாம், நடைபாதையில் விட்டுவைக்க விடமாட்டார்கள். குளியலறை வாசலில் ஒரு படி உயரத் தடுப்பும் இருக்கும். அது மாமிக்குச் சிரமம் என்றால், அகலக் கதவும் கைப்பிடிகளும் படியில்லாத குளியலறையும் உள்ள விசேட அறைகள் சில இருக்கின்றன. அவை எண்ணிக்கையில் குறைவு, தேவையுள்ளவர் என்று படிவம் நிரப்பச் சொல்வார்கள், முந்திக் கேட்டால்தான் கிடைக்கும். அவசர காலத்தில் மின்தூக்கி வேலை செய்யாது, படிதான். ஆகவே படியேற உதவி தேவை என்று பதியும்போதே எழுதிக் கொடுங்கள். கப்பல் புறப்படும் நேரத்தில் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு போய், எங்கே ஒன்றுகூடுவது என்று காட்டிவிடுங்கள்.

புக்கெட்டில் கப்பல் கரையில் கட்டாமல், சின்னப் படகில் ஆட்களை இறக்குவது உண்டு. ஆடும் படகுக்குள் காலெடுத்து வைப்பது முழங்கால் நோவுக்காரருக்குக் கஷ்டம். அன்றைக்கு மாமி கப்பலிலேயே நிற்க நேரலாம், மச்சாளும் கூட நிற்கலாம். அந்த நாளை நினைத்தும்தான் பல்கனி என்கிறேன்.

பல்கனியில் மகன் தனியாக நிற்கக் கூடாது, கதிரையைக் கம்பிக்கு அருகில் விடக் கூடாது, கதவின் மேல் பூட்டு எப்போதும் போட்டிருக்க வேண்டும். மகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அவன் படுக்கும் அறையில் பல்கனியே இல்லை என்பது உங்கள் இருவருக்கும் நிம்மதியான நித்திரை தரும்.

கேத்தல், அயர்ன் பெட்டி இரண்டையும் பொதிசோதனையில் எடுத்துவிடுவார்கள், தீப்பயம் காரணம். மாமிக்குச் சுடுதண்ணீர் போத்தல் ஒன்று கொண்டுபோய் சாப்பாட்டு மண்டபத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள், சமஹன் மூலிகைப் பானப் பக்கற் கரைக்க அது போதும். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு என்ன விசா தேவை என்பதைக் காசு கட்டும் முன்பே உறுதிப்படுத்துங்கள். மச்சாளுக்குத் தேவையில்லை என்பதற்காக உங்களுக்கும் தேவையில்லை என்று ஆகாது, பத்திரம் குறைந்தால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

கடைசியாக, சிங்கப்பூர் சரிவராவிட்டால் காங்கேசன்துறைக்கு வந்த மாதிரியான கப்பலில் போகலாமா, அறைக்கு இதே விதிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாகக் காங்கேசன்துறைக்கு வந்த எம்பிரஸ், 1990இல் கட்டப்பட்ட கப்பல். அந்தக் காலத்துக் கப்பல்களில் பல்கனி அறை மிகக் குறைவு, பெரும்பாலும் யன்னல் அறையும் உள் அறையும்தான். அந்த மாதிரிக் கப்பல் என்றால் மாமிக்கும் மகளுக்கும் நடுப்பகுதியில் யன்னல் அறை, உங்களுக்கு எதிரே உள் அறை. வங்காள விரிகுடாவில் ஐப்பசி, கார்த்திகை புயல் காலம், அந்த மாதங்களுக்கு மட்டும் பதிய வேண்டாம்.