வெறும் இலைதானே?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் தம்பியின் பையில் மினுமினுப்பான பொட்டலம் ஒன்று கிடந்தது. ‘மூலிகைத் தூபம், உட்கொள்வதற்கல்ல’ என்று அச்சடித்திருக்கிறது. கேட்டால், “சட்டப்படி விற்கிறதுதான் அக்கா, வெறும் இலைதானே” என்கிறான். பயப்பட வேண்டுமா டாக்டர்?

பதில்: பயப்படத்தான் வேண்டும் அம்மா. ‘உட்கொள்வதற்கல்ல’ என்ற வரி உங்கள் தம்பியைக் காப்பாற்றப் போட்டதல்ல. நாளை ஏதாவது ஆனால் விற்றவர் தப்பித்துக்கொள்ளப் போட்டது.

இந்த மாதிரிப் பொட்டலங்களில் இலை பெரும்பாலும் சக்கைதான். வேலை செய்வது அதன்மேல் தெளித்த ரசாயனம். ஐரோப்பாவில் ‘ஸ்பைஸ்’ என்று விற்ற மூலிகைக் கலவையை 2008 இறுதியில் ஜெர்மனியில் சோதித்தபோது ஜே.டபிள்யூ.எச்-018 என்ற பொருள் அகப்பட்டது. ஜான் ஹஃப்மன் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்காக உருவானது அது. கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. மூளையில் பற்றும் அதே இடத்தைத்தான் இதுவும் பற்றுகிறது, ஆனால் பல மடங்கு முரட்டுத்தனமாக. தெளித்து உலர்த்துவதால் ஒரு சிட்டிகையில் ஒன்றுமே இருக்காது, அடுத்த சிட்டிகையில் அளவுக்கு மீறி இருக்கும். வாந்தி, படபடப்பு, சிலருக்கு வலிப்பு. வழக்கமான கஞ்சா சிறுநீர்ப் பரிசோதனையிலும் சிக்காது.

சட்டப்படி விற்பது என்றால், இன்னும் பிடிபடவில்லை என்றுதான் பொருள். ஒன்றைத் தடை செய்தால் மூலக்கூறை லேசாக மாற்றி அடுத்ததை இறக்குவார்கள். இந்த ஓட்டம் அலுத்துப்போய்த்தான் பிரிட்டன் 2016-இல் மது, நிகோடின், காஃபின் போன்றவற்றுக்கு விலக்களித்து மற்ற எல்லாவற்றுக்கும் மொத்தமாகத் தடை போட்டது.

கேள்வி: எதுவும் தெளிக்காத அசல் செடி என்றால்? கிராட்டம் என்ற மர இலை, சால்வியா என்ற மெக்சிகோ மூலிகை, நம்மூர் ஊமத்தை பற்றியெல்லாம் நண்பர்கள் சொல்கிறார்களாம்.

பதில்: செடிக்குள் இருப்பதும் ரசாயனம்தானே! சால்வியாவைப் புகைத்தால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். ஆனால் அந்த நிமிடங்களில் தான் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாமல் எழுந்து நடப்பார்கள். படிக்கட்டோ மாடியோ பக்கத்தில் இருந்தால் தீர்ந்தது. கிராட்டம் இலையில் உள்ள மித்ராகைனின் அபின் வழியில் போவது. தினமும் குடித்துப் பழகியவர் நிறுத்தினால் உடம்புவலி, மூக்கொழுகல், தூக்கமின்மை என்று படுத்தும்.

நான் அதிகம் அஞ்சுவது ஊமத்தையைத்தான். அவசரப் பிரிவில் நான் பார்த்த ஓர் இளைஞர், இல்லாத சிகரெட்டை இல்லாத தீக்குச்சியால் பற்றவைத்து, சாம்பலைப் பக்குவமாகக் கட்டிலுக்கு வெளியே தட்டிக்கொண்டிருந்தார். காலி நாற்காலியோடு பேச்சு வேறு. தான் காண்பது பொய் என்ற சந்தேகமே அவருக்கு எழவில்லை. கண்மணி விரிந்து, தோல் வறண்டு கொதித்தது, சிறுநீர் அடைத்துக்கொண்டது. இதெல்லாம் ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கலாம். ஊமத்தையில் உள்ள நச்சுகளான அட்ரோபின், ஸ்கோபோலமின் அளவு செடிக்குச் செடி மாறும். ‘இத்தனை விதை வரை ஆபத்தில்லை’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கேள்வி: தின்றுவிட்டு உளறுகிறவரைத் தூங்கவிட்டால் தெளிந்துவிடுமா?

பதில்: விடாதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். நினைவு மங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். அப்புறம், மிச்சமிருக்கும் விதையையோ பொட்டலத்தையோ வெட்கப்பட்டு ஒளிக்காமல் கையோடு கொண்டு வாருங்கள். என்ன தின்றார் என்று ஊகிப்பதிலேயே எங்களுக்குப் பாதி நேரம் போய்விடுகிறது.