ஆசிரியர் கேள்வி – பதில்: ‘ஏ’ விழுந்து ‘உம்’ வரும் இடம்

கேள்வி: பத்தாம் வகுப்புப் புவியியலில் விவாதம் வைத்தால் பட்டிமன்றமாகிவிடுகிறது. குரல் பெரிதானவன் ஜெயிக்கிறான். வாதம் செய்ய எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பதில்: அணி பிரிக்காதீர்கள். பக்கம் முடிவான பிறகு சான்று தேடினால் கத்தல்தான் மிஞ்சும். எல்லாருக்கும் ஒரே கூற்றைக் கொடுத்து, அது நிற்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மதிப்பெண் ‘கூற்று – காரணம்’ வினாவில் பிள்ளைகள் சறுக்குவது ‘இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை’ என்ற விடையில். வாதத்திலும் அங்கேதான் சறுக்குவார்கள்.

கரும்பலகையில் எழுதுங்கள்: ‘2015 டிசம்பர் அடையாற்று வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததே காரணம்.’ நால்வர் கொண்ட குழு. குழுவுக்கு ஓர் ஆற்று வரைபடம், மூன்று துண்டுச்சீட்டு. சீட்டுகளில் இருக்க வேண்டியவை: ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. தாம்பரத்தை அடுத்துள்ள முடிச்சூரும் மூழ்கியது.

முதல் 5 நிமிடம் பேச்சே கூடாது, தனித்தனியாக எழுதட்டும். இல்லையென்றால் ஒரு பிள்ளை எழுத, மூன்று பேர் தலையாட்டுவார்கள். அடுத்த 15 நிமிடம் விரல் வைத்து ஆற்றைத் தொடரட்டும். ஆதனூர்ப் பக்கமிருந்து வரும் அடையாறு முடிச்சூரைத் தாண்டிய பிறகுதான், திருநீர்மலை அருகே ஏரியின் உபரிநீர் அதில் சேர்கிறது. அப்படியானால் முடிச்சூரை மூழ்கடித்தது எந்தத் தண்ணீர்? கீழே சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்துக்கோ இரண்டும் சேர்ந்து வந்தன. ஆக, ‘திறந்ததே காரணம்’ என்பது ‘திருநீர்மலைக்குக் கீழே, திறந்ததும் ஒரு காரணம்’ என்று மாறும். ‘ஏ’ விழுந்து ‘உம்’ வருவதை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, “கீழே ஆறு நிரம்பினால் மேலேயும் தண்ணீர் தேங்காதா?” என்று கேட்கலாம். நல்ல மறுப்பு! அதைத் தீர்க்க இரண்டு இடத்து நிலமட்டமும் தெரிய வேண்டும் என்பதையும் அந்தப் பிள்ளையையே சொல்ல வையுங்கள்.

கேள்வி: இதற்கு மதிப்பெண் போடுவது எப்படி?

பதில்: 5 மதிப்பெண்ணில் கூற்றுக்கு 1, சான்றுக்கு 1, அந்தச் சான்று கூற்றை எப்படித் தாங்குகிறது என்பதற்கு 2, மறுப்புக்குப் பதில் சொன்னால் 1. ‘29,000 கன அடி திறந்தார்கள், அதனால் வெள்ளம்’ என்று மட்டும் எழுதினால் 2 தான். அந்தத் தண்ணீர் எந்த வழியாக எந்த ஊருக்குப் போனது என்று எழுதியிருந்தால் 4 கொடுக்கலாம்.