ரிமெம்பரா, ரிமைண்டா?

மேலாளருக்கு ‘ப்ளீஸ் ரிமெம்பர் மீ டுமாரோ’ என்று அனுப்பினேன், சிரித்துவிட்டார், என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்ல நினைத்தது ‘நாளைக்கு ஞாபகப்படுத்துங்கள்’, அதற்கு ரிமைண்ட்தான் வேண்டும். ரிமெம்பர் என்றால் அவரவர் மனதில் வைத்துக்கொள்வது, அதனால் ‘நாளை என்னை நினைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஏதோ பிரியாவிடை மாதிரி ஆகிவிட்டது, பாவம் அவர் சிரிக்காமல் என்ன செய்வார். தமிழில் ‘படுத்து’ சேர்த்தால் போதும், ஆங்கிலத்தில் வார்த்தையே மாறிவிடும்.

அப்புறம் இன்னொரு வம்பு இருக்கிறது: ‘ரிமெம்பர் டு லாக்’ என்றால் பூட்ட மறக்காதே, ‘ஐ ரிமெம்பர் லாக்கிங்’ என்றால் பூட்டியது ஞாபகம் இருக்கிறது. ‘ஐ ஆம் ரிமெம்பரிங்’ பொதுவாக வராது, நானே பல வருடம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். வெறும் ‘ஐ ரிமெம்பர்’ போதும்.