வாளி நிரப்பிய மாமி

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை. கணவர் கத்தித் தீர்த்தார். எனக்கோ ஃபோனில் சார்ஜ் இல்லையே என்று அழுகை வராத குறை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாமி மட்டும் ஒன்றும் நடக்காதது போல வாளிகளில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் மூன்று பேர் ஏன் மூன்று விதம்? சிலருக்கு உணர்ச்சி மரத்துப்போய்விடுமா? வாசிக்க ஏதாவது புத்தகம் சொல்லுங்கள்.

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

புத்தகம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உங்கள் கணவரின் கோபத்தையும் விடுங்கள், அந்த வெயிலில் ஐந்து மாடி ஏறினால் எனக்கும் வரும். 'மரத்துப்போய்விடுமா' என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். படித்ததும் கோபம் வந்தது.

கரண்ட் போனால் மோட்டர் நிற்கும், மேல் தாங்கியில் இருப்பதுதான் தண்ணீர். மாமிக்கு அது முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கிறது. பயம் வந்ததும் உங்கள் கை ஃபோனுக்குப் போனது, அவர் கை பைப்புக்குப் போனது. இதிலே மரத்துப்போனது எது?

1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றபோது எனக்கு 12 வயது. பற்றரி கொண்டுவரவும் தடை. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார். நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ வேலை செய்யும். கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கும். அம்மா ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டுக் கொளுத்துவார். அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்து, அம்மாவுக்குப் பயமே கிடையாது என்று நினைத்தேன். பல வருடம் அப்படியே நம்பினேன்.

2022 மார்ச் கடைசியில் கொழும்பில் 13 மணி நேரம் மின்வெட்டு. அம்மா அப்போது என்னோடு இருந்தார். நடு இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். குசினியில் இருட்டுக்குள் நின்றுகொண்டு, நிரப்பி வைத்த பானைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து தொடங்கினார். கை நடுங்கியது. நான் பேசாமல் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டேன். கூப்பிட்டிருக்க வேண்டும்.

அதே வாரம் ஒரு நண்பர், "உங்கட ஆக்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சு எரிந்தது. பழகினால் வலிக்காது என்று யார் சொன்னது? வெளியாள் சொன்னால் தெரியாமல் சொல்கிறார் என்று விடலாம். வீட்டுக்குள் இருக்கிற நீங்களும் அதையே சொல்லலாமா?

மாமி இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை என்றால், அந்த வருடங்களில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேளுங்கள். எதிரே உட்கார்ந்து கேட்காதீர்கள். வெங்காயம் உரிக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, கூடவே வேலை செய்துகொண்டு கேளுங்கள். முதல் தடவை "அதை ஏன் இப்ப" என்பார். விட்டுவிடுங்கள், அடுத்த நாள் தானாகவே தொடங்குவார்.