அட்மிஷனை டிஃபர் பண்றதுன்னா என்ன? உள்ளூரா வெளிநாடான்னு குழம்புற பிள்ளைக்கு அது உதவுமா?

கிடைச்ச சீட்டை விட்டுடாம, அடுத்த வருஷம் வந்து சேர்ந்துக்கிறேன்னு யூனிவர்சிட்டிகிட்ட அனுமதி வாங்குறதுதான் டிஃபர். ரயில் டிக்கெட்டை கேன்சல் பண்ணாம தேதி மட்டும் மாத்திக்கிற மாதிரி. தூக்கமில்லாம, ரெண்டு ஆஃபர் லெட்டரையும் மாத்தி மாத்தி பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற பிள்ளைய பல நேரம் அழுத்துறது இந்த வருஷமே போய்ச் சேரணுங்கிற அவசரம்தான், சேர்ற தேதி தள்ளிப்போனாலே கொஞ்சம் மூச்சு விட்டு யோசிக்க முடியும், தேவைப்பட்டா கவுன்சிலரையும் பாக்கலாம். ஆனா எல்லா கோர்ஸுக்கும் தரமாட்டாங்க, ஸ்காலர்ஷிப்பும் தானா கூட வராது, அதையெல்லாம் ஈமெயில்ல கேட்டு எழுத்துல வாங்கிடுங்க (போன்ல சொன்னதை நம்பவே நம்பாதீங்க). டிஃபர் கேட்டாலே சீட் போயிடும்னு நிறைய பேர் பயப்படுறாங்க, பொதுவா அப்படி இல்ல, முடியாதுன்னு பதில் வந்தாலும் இந்த வருஷ சீட் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், அவசரப்பட்டு நீங்களா கேன்சல் பண்ணாம, சீட்டை உறுதி பண்ற கடைசித் தேதியையும் தவறவிடாம இருந்தா சரி.